மழை பெய்தாலும், மழை பெய்தால்தான்

சுரண்டையில் ஒரு பையன். பட்டப் படிப்பு முடித்தவன். வளைகுடா நாட்டில் அவனுக்கு வேலை கிடைத்தது. கம்பெனியிலிருந்து ஒப்பந்தத் தாள் வந்தது. ஆறு பக்கம். எல்லாம் இங்கிலீஷ்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நான் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன். அவனோடு அவன் தாயாரும் வந்தார். பீடி சுற்றி மகனைப் படிக்க வைத்தவர். இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூட அவருக்குத் தெரியாது.

"எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன் சார். சரியாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட வேண்டியதுதான்" என்றான் பையன்.

"திரும்பி வருகிற டிக்கெட்டுக்கு என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் முடிச்சா, கம்பெனியே டிக்கெட் எடுத்துக் குடுக்கும் சார்."

தாயார் சும்மா இருக்கவில்லை. "முடிக்காட்டா?" என்று கேட்டார்.

பையன் தாளைப் பார்த்தான். "அதப் பத்தி ஒண்ணும் எழுதலம்மா" என்றான்.

எழுதியிருந்தது! ஒரே ஒரு சொல்லில் எழுதியிருந்தது. 'இஃப்' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஒன்லி' என்று ஒரு சொல். அவன் கண்ணில் அது படவில்லை. பட்டிருந்தாலும் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

'முடித்தால்' டிக்கெட் கொடுப்பார்கள் என்பதல்ல அங்கே இருந்த பொருள். 'முடித்தால்தான்' கொடுப்பார்கள் என்பது. நடுவில் ஊரில் ஏதாவது ஆகி ஓடி வரவேண்டியிருந்தால், டிக்கெட் அவன் கைக்காசு.

இன்னொரு வரியில் அதைவிடப் பெரிய தப்பு. கம்பெனிச் சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் பணம் பிடிப்பார்களாம். அங்கே 'ஈவன் இஃப்' என்று இருந்தது. பையன் 'ஈவன்' என்பதை விட்டுவிட்டுப் படித்தான். "சாப்பிடாவிட்டால் பிடிப்பார்கள்" என்று சொன்னான். அபராதம் போடுவார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அங்கே இருந்தது, "சாப்பிடாவிட்டாலும் பிடிப்பார்கள்" என்பது. சாப்பிட்டாலும் பிடிப்பு, சாப்பிடாவிட்டாலும் பிடிப்பு!

பதினைந்து வருடம் இங்கிலீஷ் படித்தவன் அவன். பெரிய பெரிய சொல்லுக்கெல்லாம் அர்த்தம் சொன்னான். இந்தச் சின்னச் சொற்களில்தான் விழுந்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் இதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் என் கட்சி.

குற்றாலத்தைப் பாருங்கள்

நமக்குப் பக்கத்தில்தான் குற்றாலம் இருக்கிறது. ஜூன் மாதம் பிறந்தால் எல்லோரும் மேற்கே மலையைப் பார்ப்போம். நம் வீட்டுக் குழந்தைகள் அப்போது என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

"மழை பெய்தால் அருவியில் தண்ணீர் விழும்."

"மலையில் மழை பெய்தால்தான் தண்ணீர் விழும்."

"ஊருக்குள்ளே மழை பெய்தாலும் தண்ணீர் விழாது."

"பலத்த மழை பெய்தாலே போதும், குளிக்க விடமாட்டார்கள்."

"மழை பெய்தாலாவது கூட்டம் குறையுமா?"

'பெய்தால்' என்பது ஒரே சொல். அதன் வாலில் 'தான்' ஒட்டினால் ஒரு பொருள். 'உம்' ஒட்டினால் வேறு பொருள். 'ஏ' ஒட்டினால் இன்னொன்று. 'ஆவது' ஒட்டினால் மற்றொன்று. ஐந்து வயதுக் குழந்தைகூட இதில் தப்புச் செய்யாது. 'பெய்தாலும்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'பெய்தால்தான்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இங்கிலீஷ்காரன் இதே வேலையை வேறு மாதிரி செய்கிறான். அவனுக்கு வால் கிடையாது. கொம்பு உண்டு. நாம் பின்னால் ஒட்டுவதை அவன் முன்னால் வைக்கிறான்.

பெய்தால் என்பதற்கு 'இஃப்'. பெய்தாலும் என்பதற்கு 'ஈவன் இஃப்'. பெய்தால்தான் என்பதற்கு 'ஒன்லி இஃப்'. 

இவ்வளவுதான் சூத்திரம்! நம் 'உம்' அவனுடைய 'ஈவன்'. நம் 'தான்' அவனுடைய 'ஒன்லி'. 'இஃப்' இணைப்புச் சொல். இரண்டு வாக்கியங்களைக் கட்டுவது அதன் வேலை. 'ஈவன்', 'ஒன்லி' இரண்டும் அந்தக் கட்டுக்கு அழுத்தம் கொடுக்க வந்தவை.

'இஃப்'போடு இது நின்றுவிடாது. "அவன் வந்த பிறகு" என்றால் 'ஆஃப்டர்'. "வந்த கொஞ்ச நேரத்திலேயே" என்றால் 'சூன் ஆஃப்டர்'. "வருவதற்கு வெகு நேரம் முன்பே" என்றால் 'லாங் பிஃபோர்'. "வந்ததிலிருந்து" என்றால் 'சின்ஸ்'. "வந்ததிலிருந்தே" என்று நீட்டிச் சொன்னால் 'எவர் சின்ஸ்'. நாம் 'ஏ' போட்டு அழுத்துவதை அவன் 'எவர்' போட்டு அழுத்துகிறான்.

ஓரிடத்தில் மட்டும் நம் தமிழுக்கு மூச்சு வாங்கும். 'ஜஸ்ட் பிகாஸ்' என்று இரண்டே சொல்லில் அவன் முடித்துவிடுவான். "கையில் காசு இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக" என்று நாம் இழுத்துச் சொல்லவேண்டும். போகட்டும்.

ஒன்லி இஃப், இஃப் ஒன்லி

இங்கே ஒரு குழி இருக்கிறது. இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

'ஒன்லி இஃப்' என்றால் நிபந்தனை. மழை பெய்தால்தான். 'இஃப் ஒன்லி' என்றால் ஏக்கம். "மழை மட்டும் பெய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்று பெருமூச்சு விடுவது. முன்னது வக்கீல் பேச்சு. பின்னது காய்ந்த வயலைப் பார்த்து நிற்கும் சம்சாரியின் பேச்சு. சொற்கள் அதே இரண்டுதான். எது முன்னால் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கும் காப்பி

நம் 'உம்' சாமானியப்பட்ட சொல் அல்ல. தொல்காப்பியத்தில் இடையியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்தச் சின்னச் சொற்களுக்கென்றே அமைந்த பகுதி. 'உம்' என்பதற்கு எட்டுப் பொருள் என்று அதில் எண்ணி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த நன்னூலிலும் பவணந்தி முனிவர் எட்டு என்றுதான் சொல்கிறார்.

ராமனும் முருகனும் வந்தார்கள் என்றால் அங்கே 'உம்' எண்ணுகிறது. எல்லோரும் வந்தார்கள் என்றால் ஒருவரும் பாக்கியில்லை என்கிறது. எனக்கும் காப்பி வேண்டும் என்றால் மற்றவர்களோடு என்னையும் சேர்க்கிறது. குரங்கும் வழுக்கி விழும் பாறை என்றால், குரங்கே விழும், உன் கதி என்ன என்று மிரட்டுகிறது.

நமக்கு எட்டுக்கும் ஒரே வால். இங்கிலீஷ்காரனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல். எண்ணுவதற்கு 'அண்ட்'. சேர்ப்பதற்கு 'டூ' அல்லது 'ஆல்ஸோ'. மிரட்டுவதற்கு மட்டுமே 'ஈவன்'.

இது தெரியாததால்தான் நம் பிள்ளைகள், "ஈவன் ஐ வான்ட் காஃபி" என்கிறார்கள். எனக்கும் காப்பி வேண்டும் என்று சொல்வதாக நினைப்பு. இங்கிலீஷ்காரன் காதில் அது எப்படி விழும்? "காப்பியே குடிக்காத எனக்கே இன்றைக்குக் காப்பி கேட்கிறது!" என்று விழும். "ஐ வான்ட் காஃபி டூ" என்றால் தீர்ந்தது.

அதே 'ஈவன்' இன்னொரு இடத்திலும் தனியாக வந்து மாட்டிக்கொள்ளும். "அவன் ஏழையாக இருந்தும் உதவி செய்கிறான்" என்பதை, "ஈவன் ஹி இஸ் பூர், ஹி ஹெல்ப்ஸ்" என்கிறார்கள். 'ஈவன்' அழுத்தும். கட்டாது. கட்டுவதற்கு ஒரு 'தோ' வேண்டும். "ஈவன் தோ ஹி இஸ் பூர்" என்று சொல்லவேண்டும்.

'ஈவன் இஃப்', 'ஈவன் தோ' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்காத மாணவன் கிடையாது. மழை பெய்தாலும் போவேன் என்றால் 'ஈவன் இஃப்'. மழை வருமோ வராதோ, இன்னும் தெரியாது. மழை பெய்தும் போனேன் என்றால் 'ஈவன் தோ'. மழை வந்துவிட்டது, சட்டை நனைந்துவிட்டது. இப்படித் தமிழில் சொன்ன அடுத்த நிமிடம் பையன்களின் முகம் தெளிந்துவிடும்.

ஒரு மூட்டைக்கு இரண்டு முடிச்சு

சுரண்டை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வாயை இழுத்து ஒரு முடிச்சு. அப்புறம் இன்னாருடைய மூட்டை என்று மேலே மையால் ஓர் அடையாளம். அடையாளம் போட்டாலும் போடாவிட்டாலும் மூட்டை அவிழாது. முடிச்சு இல்லாவிட்டால் காய் தெருவுக்கு வந்துவிடும்.

இங்கிலீஷ் வாக்கியமும் அப்படித்தான். இரண்டு வாக்கியத்தைக் கட்ட ஒரு முடிச்சு போதும். 'தோ' ஒரு முடிச்சு. 'பட்' ஒரு முடிச்சு. நம் ஆட்கள் இரண்டையும் போடுகிறார்கள். "தோ இட் ரெய்ன்ட், பட் வி வென்ட்." இது தப்பு. 'தோ' இருந்தால் 'பட்' வேண்டாம். 'பட்' இருந்தால் 'தோ' வேண்டாம். 'பிகாஸ்' போட்டுவிட்டு 'ஸோ' போடுவதும் இதே தப்புத்தான்.

ஆனால் "தோ இட் ரெய்ன்ட், வி ஸ்டில் வென்ட்" என்பது சரி. "இஃப் இட் ரெய்ன்ஸ், தென் வி வில் கோ" என்பதும் சரி. இங்கேயும் இரண்டு சொல்தானே, இது மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள். 'ஸ்டில்', 'தென்' இரண்டும் முடிச்சுகள் அல்ல. மை அடையாளங்கள். ஒரு முடிச்சும் ஓர் அடையாளமும் இருக்கலாம். இரண்டு முடிச்சு கூடாது.

இந்தத் தப்பு நமக்கு ஏன் வருகிறது? தமிழில் 'மழை பெய்தாலும்' என்று சொல்லிவிட்டு, பேச்சு வேகத்தில் "ஆனால் நாங்கள் போனோம்" என்று தொடர்ந்துவிடுகிறோம். வீட்டில் யாரும் அதற்காக அடிக்க வரமாட்டார்கள். இங்கிலீஷிலும், பேசும்போது வந்துவிட்டால் தலை போய்விடாது. எழுதும்போதுதான் மார்க் போகும். வேலைக்கு மனுப் போட்டால் மனு போகும்.

ஒரு சொல்லுக்காக நாடே பேசியது

இத்தனை சின்னச் சொல்லுக்கு இத்தனை பேச்சா என்று சிலர் நினைக்கலாம். டில்லி வரைக்கும் போய் வருவோம்.

1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1965-க்குப் பிறகும் இந்தியோடு இங்கிலீஷும் தொடரலாம் என்றது அந்தச் சட்டம். அந்தத் 'தொடரலாம்' என்பதற்கு 'மே' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். அப்போது மாநிலங்களவையில் இருந்தவர் அண்ணா. தொடரலாம் என்றால் தொடராமலும் இருக்கலாமே என்பதுதான் அண்ணாவும் அவர் கட்சியினரும் எழுப்பிய ஆட்சேபம். தொடரும் என்று உறுதியாகச் சொல்லும் 'ஷல்' வேண்டும் என்றார்கள். இரண்டும் ஐந்து எழுத்தைத் தாண்டாத இங்கிலீஷ் சொற்கள்! 1965-ல் தமிழ்நாட்டில் நடந்த போராட்டத்தையும், அதில் போன உயிர்களையும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

1967-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில்தான் நம் கதைக்கு வேண்டிய இணைப்புச் சொல் இருக்கிறது. 'அன்டில்' என்ற சொல். 'வரை' என்று பொருள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் இங்கிலீஷ் வேண்டாம் என்று தீர்மானம் போடும் வரை, பிறகு நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் தீர்மானம் போடும் வரை, இந்த ஏற்பாடு நீடிக்கும் என்றார்கள். அந்த 'வரை' என்ற சொல்லில்தான் பூட்டு இருக்கிறது. சாவி அந்த மாநிலங்களின் கையில் இருக்கிறது. 

சட்டம் எழுதுகிறவனும், ஒப்பந்தம் எழுதுகிறவனும், இன்ஷூரன்ஸ் தாள் எழுதுகிறவனும் பெரிய சொற்களை நம்பிப் பிழைப்பதில்லை. இந்தச் சின்னச் சொற்களில்தான் அவர்கள் காரியத்தை முடிக்கிறார்கள்.

தமிழை வெளியே நிறுத்தாதீர்கள்

இப்போது பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன்.

சில இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களில் பிள்ளை தமிழில் பேசினால் அபராதம். "தமிழில் யோசிக்காதே, இங்கிலீஷிலேயே யோசி" என்று உபதேசம் வேறு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் தாய் தமிழ், தெருவில் தமிழ், பஸ்ஸில் தமிழ். அந்தப் பிள்ளை எதை வைத்து இங்கிலீஷில் யோசிக்கும்? 'ஈவன் இஃப்' என்பதற்கு இங்கிலீஷிலேயே விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கத்துக்கு இன்னொரு விளக்கம் வேண்டியிருக்கிறது. "பெய்தாலும்" என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துபோகும் விஷயம்.

நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதை அந்தக் காலத்திலேயே பார்த்துவிட்டார். கால்டுவெல் பாதிரியார். அயர்லாந்தில் பிறந்தவர். பழைய திருநெல்வேலிச் சீமையில், இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்தவர். 1856-ல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். பிற மொழிகளில் பெயருக்கு முன்னால் வரும் சொற்கள் நம் மொழிகளில் பின்னால் வருகின்றன, இணைப்புச் சொல் போடவேண்டிய இடங்களில் நாம் பெரும்பாலும் எச்சங்களை வைத்தே வாக்கியத்தை ஓட்டிக்கொண்டு போகிறோம் என்பதை அவர் கவனித்து எழுதியிருக்கிறார். தன் மொழியையும் நம் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அவருக்கு அது தெரிந்தது. அவருக்குத் தமிழ் கற்க உதவிய வழி, நம் பிள்ளைகள் இங்கிலீஷ் கற்க மட்டும் எப்படி ஆகாமல் போகும்?

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சொல்லையும் தமிழிலிருந்து மாற்றி மாற்றிப் பேசினால் பேச்சு தடுமாறும் என்கிறார்கள். உண்மைதான். மனப்பாடமாக வரவேண்டிய பேச்சு அப்படியே நாக்கில் வரவேண்டும். அதற்குப் பழக்கம்தான் மருந்து. நான் சொல்வது பேச்சுக்கு அல்ல, படித்துப் புரிந்துகொள்வதற்கு. கையெழுத்துப் போடுகிற தாளை யாரும் ஓட்டமாகப் படிக்கவேண்டாம். நின்று படிக்கலாம். 'இஃப்' வந்த இடத்தில் விரலை வைத்து, அதற்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று பார்க்கலாம். அதைத் தமிழில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

இங்கிலீஷ் தெரியாத தாய்மார்களும் பிள்ளைக்கு இதில் உதவலாம். பிள்ளை இங்கிலீஷ் பாடத்தைப் படித்துத் தமிழில் சொல்லட்டும். 'ஆல்' என்று அது முடித்தால், "ஆலா, ஆலுமா, ஆல்தானா?" என்று கேளுங்கள். பிள்ளை திரும்பப் புத்தகத்தைப் பார்க்கும். பார்க்கவேண்டும் என்பதுதான் நமக்கு வேண்டியது.

பையன் என்ன செய்தான்?

அன்று சாயங்காலம் அந்தப் பையனும் நானும் ஆறு பக்கத்தையும் திரும்பப் படித்தோம். 'இஃப்' வந்த இடத்தையெல்லாம் அவனையே பென்சிலால் வட்டம் போடச் சொன்னேன். ஒவ்வொரு வட்டத்தையும் தமிழில் சொன்னான். தாயார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 'தான்' வந்தபோதெல்லாம், "இல்லன்னா?" என்று கேட்டார். 'உம்' வந்தபோது கேட்கவில்லை. "ஆக, எப்படி இருந்தாலும் புடிப்பான்" என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் பையன் ஏஜெண்டிடம் போய், டிக்கெட் வரியை மாற்ற முடியுமா என்று கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் யோசித்தான். வீட்டுக் கடன் இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

போகிற அன்று காலையில் தாயும் மகனும் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்கள். அந்த அம்மாள் போகும்போது திரும்பி நின்று சொன்னார்:

"பீடிக்கடையில ஒரு சீட்டு சேந்துட்டேன் அண்ணாச்சி. நடுவுல வரணும்னு தோணுனா அவன் வரணும்லா? டிக்கெட் காசு நாம வச்சிருப்போம்."